நீங்க 'பார்த்து' கற்பவரா, 'செய்து' கற்பவரா? பல நாட்டு நர்சிங் மாணவர்களிடம் கேட்ட கேள்வியும், அதில் மறைந்திருக்கும் சிக்கலும்!

"நீங்க விஷுவல் லேர்னரா? ஆடியோ லேர்னரா? ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுக்கோங்க!" இன்ஸ்டாகிராமில் ஸ்க்ரோல் செய்யும்போது இப்படி ஒரு க்விஸ் கண்ணில் பட்டிருக்கும். நாலைந்து கேள்விக்குப் பதில் சொன்னால், 'நீங்கள் இந்த வகை' என்று ஒரு முத்திரை குத்திவிடும். பலருக்கு அது ஒரு ஜாலியான விஷயம், அவ்வளவுதான்.

ஆனால் இதே கேள்வியைப் பல நாடுகளில் நர்சிங் கல்லூரிகள் சீரியஸாகவே கேட்கின்றன. முதலாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, யார் எந்த வகை என்று பிரித்து, அதற்கு ஏத்த மாதிரி பாடம் நடத்தலாமா என்று பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியா, ஜோர்டான், சவுதி அரேபியா, பிரிட்டன், அயர்லாந்து எனப் பட்டியல் நீளமானது.

அந்த ஆய்வுகளில் என்ன தெரிய வந்தது? ஒரு நாட்டு மாணவர்களுக்கும் இன்னொரு நாட்டு மாணவர்களுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? 'நான் இந்த வகை' என்று தெரிந்துகொண்டால் மார்க் கூடுமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'கற்றல் பாணி' என்றால் என்ன?

ஒருவர் எந்த வழியில் கற்க விரும்புகிறார் என்பதைத்தான் கற்றல் பாணி என்கிறார்கள். இதை அளக்க ஏகப்பட்ட கருவிகள் உள்ளன. 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு தலைமையிலான குழு கணக்கெடுத்தபோது, 71 வகையான மாதிரிகள் இருப்பது தெரிந்தது. நர்சிங் கல்லூரிகளில் அதிகம் பயன்படுவது மூன்று.

1. வார்க்: நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1987இல் உருவாக்கியது. படம், வரைபடம் பார்த்துக் கற்பவர், காதால் கேட்டுக் கற்பவர், படித்து எழுதிக் கற்பவர், செய்து பார்த்துக் கற்பவர் என நான்கு வகை. மொத்தம் 16 கேள்விகள். ஒன்றுக்கு மேற்பட்ட விடையையும் டிக் செய்யலாம்.

2. கோல்ப்: அமெரிக்க உளவியலாளர் டேவிட் கோல்ப் உருவாக்கியது. அனுபவம், அதைப் பற்றிய சிந்தனை, அதிலிருந்து கருத்து, பிறகு பரிசோதனை என்ற சுழற்சியில் ஒருவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்க்கும்.

3. ஹனி - மம்ஃபோர்டு: பிரிட்டனில் உருவானது. களத்தில் உடனே இறங்குபவர், நின்று யோசிப்பவர், கோட்பாடு தேடுபவர், நடைமுறைப் பயன் பார்ப்பவர் என நான்கு வகை.

எந்த நாட்டில் என்ன ரிசல்ட்?

ஆஸ்திரேலியாவில் முதலாம் ஆண்டு நர்சிங் மாணவர்களிடம் வார்க் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் முன்னிலையில் வந்தது 'செய்து பார்த்துக் கற்பது'. ஜோர்டானிலும் இந்த விருப்பம் பலமாகவே இருந்தது. கூடவே, ஒரே வழியில் நிற்காமல் பல வழிகளைக் கலந்து கற்க விரும்புபவர்களும் நிறைய பேர்.

'நர்சிங் என்றாலே கைவேலை. அப்போ செய்து கற்பவர்கள்தானே வருவார்கள்?' என்று தோன்றும். ஆனால் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போனால் கதை மாறுகிறது. அங்கே ஹனி - மம்ஃபோர்டு கருவியை வைத்துக் கேட்டார்கள். முன்னிலையில் வந்தது 'நின்று யோசிப்பவர்கள்'. அயர்லாந்தில் அதே மாணவர்களை இறுதியாண்டில் மறுபடி கேட்டபோதும் அந்த வகையே முதலிடம்.

ஆக, ஆஸ்திரேலிய மாணவர்கள் செய்பவர்கள், ஐரிஷ் மாணவர்கள் யோசிப்பவர்கள் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் ட்விஸ்ட். ஆஸ்திரேலியாவிலேயே கோல்ப் கருவியை வைத்துக் கேட்டபோது அதிகம் வந்த வகை வேறு. ஒரு விஷயத்தைப் பல கோணங்களில் கவனித்து, யோசித்துப் பார்க்கும் வகை அது.

அதாவது, நாடு ஒன்றுதான். மாணவர்களும் நர்சிங் படிப்பவர்கள்தான். கேள்வித்தாள் மாறியதும் பதிலும் மாறிவிட்டது.

அப்போ நாடுகளை ஒப்பிடவே முடியாதா?

ஒப்பிடலாம். ஆனால் ரொம்பவே ஜாக்கிரதையாக. காரணங்கள் இதோ.

ஒன்று, கருவி வேறு. தெர்மாமீட்டர் காட்டும் எண்ணையும் எடை மெஷின் காட்டும் எண்ணையும் பக்கத்தில் வைத்து 'இவர்தான் அதிகம்' என்று சொல்ல முடியாது. வார்க்கும் ஹனி - மம்ஃபோர்டும் அளப்பது ஒரே விஷயத்தை அல்ல.

இரண்டு, இப்படிப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே ஒரு கல்லூரியில், சில நூறு பேரிடம் எடுக்கப்படுபவை. ஒரு கல்லூரியின் முதலாம் ஆண்டு வகுப்பை வைத்து ஒரு நாட்டையே எடைபோட முடியாது.

மூன்று, இதெல்லாம் மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வது. 'எனக்கு இப்படிப் படிக்கத்தான் பிடிக்கும்' என்பது வேறு, 'இப்படிப் படித்தால்தான் எனக்கு நிற்கிறது' என்பது வேறு.

நான்கு, விருப்பமே மாறக்கூடியது. நோயாளியின் பிரச்சினை ஒன்றைக் கொடுத்து, குழுவாக விடை தேடச் சொல்லும் முறையில் பாடம் நடந்த பிறகு, ஜோர்டான் மாணவர்களிடம் மறுபடி வார்க் கொடுத்துப் பார்த்தார்கள். பல வழிகளைக் கலந்து கற்க விரும்புபவர்களின் பங்கு கூடியிருந்தது. பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட குணம் என்றால், பாடம் நடத்தும் முறை மாறியதும் அது ஏன் மாற வேண்டும்?

பாணிக்கு ஏத்த மாதிரி நடத்தினா மார்க் கூடுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. ஆசிரியர்களில் பெரும்பாலானவர்கள் 'ஆமாம்' என்றே நம்புகிறார்கள். 2014இல் பிரிட்டன் ஆய்வாளர் பால் ஹோவர்டு-ஜோன்ஸ் தொகுத்த விவரப்படி, விருப்பமான பாணியில் சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் நன்றாகக் கற்பார்கள் என்று நம்பிய ஆசிரியர்கள் பிரிட்டனில் 93 சதவீதம், நெதர்லாந்தில் 96, துருக்கியில் 97, கிரீஸில் 96, சீனாவில் 97 சதவீதம். நாடு மாறினாலும் நம்பிக்கை மாறவில்லை.

ஆனால் ஆதாரம்? 2008இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இதைத் தேடிப் பார்த்தார்கள். இந்த நம்பிக்கையைச் சோதிக்க அவர்கள் சொன்ன வழி சிம்பிளானது. மாணவர்களைப் பாணிவாரியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குப் படம் காட்டியும், மீதிப் பேருக்குக் காதால் கேட்கவைத்தும் பாடம் நடத்த வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. பார்த்துக் கற்பவர்கள் படத்திலும், கேட்டுக் கற்பவர்கள் ஒலியிலும் அதிக மார்க் எடுத்தால் நம்பிக்கை ஜெயித்தது.

இப்படி ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளே மிகக் குறைவு. அவற்றிலும் சில, நம்பிக்கைக்கு நேர் எதிரான முடிவையே தந்தன. பாணிக்கு ஏற்றபடி பாடம் நடத்துவதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே அந்தக் குழுவின் முடிவு.

அடுத்து, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த 426 மாணவர்களிடம் ஒரு ஆய்வு. வார்க் சொன்ன பாணிப்படி வீட்டில் படித்தார்களா என்று பார்த்தால், பெரும்பாலானவர்கள் அப்படிப் படிக்கவே இல்லை. படித்தவர்களுக்கும் அதனால் கூடுதல் மார்க் வரவில்லை. மாறாக, லெக்சர் நோட்ஸைப் பயன்படுத்துவது, திசுக்களைக் கணினி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது போன்ற சில பழக்கங்கள், பாணி எதுவாக இருந்தாலும் நல்ல மார்க்கோடு சேர்ந்தே வந்தன.

வார்க்கை உருவாக்கிய ஃபிளெமிங்கே இதை அளவோடுதான் பார்த்தார். தான் எப்படிப் படிக்கிறோம் என்று ஒரு மாணவர் யோசிக்க இது தூண்டுகோலாக இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். தகுதிக்கு மீறி இதை நம்புகிறார்களோ என்ற சந்தேகத்தையும் பிற்காலத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார்.

காது வேலையைக் கண் செய்யாது!

ஆய்வுகளை விடுங்கள். ஒரு வார்டுக்குள் போய்ப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

ஸ்டெதாஸ்கோப் வைத்து பிபி பார்க்கும்போது, கஃப்பில் காற்று இறங்க இறங்க முதல் சத்தம் கேட்கும் இடம் மேல் எண். சத்தம் மறையும் இடம் கீழ் எண். இதைக் காதால்தான் கற்க முடியும். 'நான் விஷுவல் லேர்னர்' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஈசிஜியில் அலை மாறுவதைக் கண்ணால்தான் பிடிக்க முடியும். ஐவி போட ரத்தக்குழாயைத் தேடும்போது விரல் நுனிதான் வழிகாட்டி. சரி, சலைன் கணக்கு? அங்கே பேனாவும் பேப்பரும்தான்.

ஒரு உதாரணம். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. மொத்தம் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. இப்போது கையில் இருப்பது ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட். அதைக் கவனிக்காமல் அதே 42 சொட்டு வைத்தால் என்ன ஆகும்? 4 மணி நேரத்தில் ஏற வேண்டிய சலைன், ஏறி முடிய ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும்.

'நான் செய்து கற்பவள், கணக்கு எனக்குச் செட் ஆகாது' என்று ஒரு மாணவி முதலாம் ஆண்டிலேயே முடிவு செய்துவிட்டால், அந்த முடிவின் விலையைக் கொடுக்கப்போவது நோயாளி. கற்றல் பாணி முத்திரையின் உண்மையான ஆபத்து இதுதான். எந்தப் புலனால் கற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பாடமே தவிர, மாணவரின் விருப்பம் அல்ல.

நாடுகளுக்கு இடையே உண்மையான வித்தியாசம் எது?

மாணவர்களின் மூளையில் தேடுவதை விட்டுவிட்டு, அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

பிரிட்டனில் ஒருவர் நர்ஸாகப் பதிவு செய்ய, படிப்புக் காலத்தில் 2,300 மணி நேரம் நேரடிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதில் 600 மணி நேரம் வரை பொம்மை நோயாளி போன்ற சிமுலேஷன் பயிற்சியாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சப் பயிற்சி நேரம் 800 மணி. இரண்டுக்கும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

அமெரிக்காவில் நர்சிங் வாரியங்களின் தேசிய அமைப்பு 2014இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 10 கல்லூரிகள், 666 மாணவர்கள். மருத்துவமனைப் பயிற்சியில் பாதி வரை தரமான சிமுலேஷனாக மாற்றினாலும், படிப்பு முடியும்போது திறமையிலும் தேர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. கவனிக்க வேண்டிய சொல் 'தரமான'. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், பயிற்சிக்குப் பிறகு உட்கார்ந்து 'என்ன செய்தோம், எங்கே தவறினோம்' என்று அலசும் நேரமும் அங்கே இருந்தன.

இந்தியாவிலும் இந்தத் திசையில் ஒரு மாற்றம் வந்தது. 2021இல் அரசிதழில் வெளியான இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி நர்சிங் பாடத்திட்டம் எட்டு செமஸ்டர் முறைக்கு மாறியது. ஸ்கில் லேப், சிமுலேஷன் போன்றவை பாடத்திட்டத்துக்குள் வந்தன. ஆனால் தாளில் இருக்கும் ஸ்கில் லேபுக்கும், ஒவ்வொரு மாணவி கையிலும் ஊசி வந்து சேரும் ஸ்கில் லேபுக்கும் நடுவே தூரம் அதிகம். டியூட்டர் டெமோ காட்டும்போது பின்வரிசையில் எட்டிப் பார்த்தவர், ரிட்டர்ன் டெமோ செய்ய வாய்ப்பு வராமலே அடுத்த பாடத்துக்குப் போனால், அவர் எந்தப் பாணி என்று தெரிந்து என்ன பயன்?

வெளிநாட்டுத் தேர்வு என்ன கேட்கிறது?

உலகில் ஏழு நர்ஸ்களில் ஒருவர், தான் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை பார்ப்பவர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. தமிழ்நாட்டிலிருந்தும் இந்தக் கனவோடு படிப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த விவாதம் வெறும் தியரி இல்லை.

பிரிட்டன் போக கணினித் தேர்வோடு 'ஆஸ்கி' எனப்படும் செய்முறைத் தேர்வும் உண்டு. மொத்தம் 10 நிலையங்கள். ஒன்றில் நோயாளியிடம் பேசி மதிப்பிட வேண்டும், இன்னொன்றில் மருந்து கொடுக்க வேண்டும், வேறொன்றில் எழுத வேண்டும். பேசுவது, கேட்பது, செய்வது, எழுதுவது எல்லாமே ஒரே தேர்வில்.

அமெரிக்காவின் என்க்ளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் புதிய வடிவத்துக்கு மாறியது. ஒரு நோயாளியின் நிலையைக் கொடுத்து, எதைக் கவனித்தாய், எதை முதலில் செய்வாய் என்று படிப்படியாகக் கேட்கிறது. இரண்டு தேர்வுகளிலும் 'உனக்கு எந்தப் பாணி பிடிக்கும்?' என்று யாரும் கேட்பதில்லை.

மனப்பாடம் கெட்ட வார்த்தையா?

ஆசிய மாணவர்கள் பற்றி வெளிநாடுகளில் ஒரு பழைய முத்திரை உண்டு: 'இவங்க மனப்பாடம் பண்ணுவாங்க, புரிஞ்சுக்க மாட்டாங்க.' இதை ஆய்வாளர்கள் சீன மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். டேவிட் வாட்கின்ஸ், ஜான் பிக்ஸ் இருவரும் 1996இல் தொகுத்த நூல் இதைப் பற்றியதுதான். அந்த மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது வெறும் ஒப்பித்தலுக்காக மட்டுமல்ல. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் புரிதலும் ஆழமாகிறது என்பது தெரியவந்தது.

நர்சிங்கிலும் அப்படித்தான். சாதாரண பொட்டாசியம் அளவு எவ்வளவு என்று மனதில் இல்லாதவருக்கு, ரிப்போர்ட்டில் இருக்கும் எண் ஆபத்தானது என்று எப்படிப் புரியும்? பிரச்சினை மனப்பாடத்தில் இல்லை. மனப்பாடத்தோடு நின்றுவிடுவதில்தான் பிரச்சினை.

அப்போ எப்படித்தான் படிப்பது?

பாணி எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் வேலை செய்யும் வழிகள் உண்டு. 2013இல் ஜான் டன்லாஸ்கி தலைமையிலான குழு 10 படிப்பு முறைகளை எடைபோட்டது. அதிகப் பயன் தருபவை என்று மேலே வந்தவை இரண்டு: தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது. ஹைலைட்டர் அடிப்பதும், திரும்பத் திரும்ப வாசிப்பதும் கீழே போயின.

முதல் முறைக்கு ஒரு சாட்சி. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்கவைத்தார்கள். ஒரு பிரிவினர் மறுபடி வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னிலை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் நின்றது.

நர்சிங் மாணவர்கள் இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம்:

* ரெக்கார்ட் நோட்டைக் காப்பி செய்வதோடு நிறுத்தாமல், மூடிவைத்துவிட்டு செய்முறையின் படிகளைத் தோழியிடம் சொல்லிப் பாருங்கள். விட்டுப்போன படிதான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டியது.

* சிபிஆர் போன்ற திறமைகள் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் என்பது கைக்குப் பழக வேண்டும். ஒரே நாளில் பத்து முறை செய்வதைவிட, அவ்வப்போது திரும்பச் செய்வது நல்லது.

* மருந்துக் கணக்கை தினமும் இரண்டு போடுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் இருபது போடுவது அந்த ஒரு நாளுக்குத்தான் உதவும்.

* போஸ்டிங்கில் ஒரு நோயாளியைப் பார்த்தால், ஷிஃப்ட் முடிந்ததும் 'என்ன கவனிச்சேன், எது மாறுச்சு, நானா இருந்தா முதல்ல என்ன செஞ்சிருப்பேன்' என்று மூன்று வரி எழுதுங்கள். புதிய என்க்ளெக்ஸ் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

* பிடிக்காத வழியைத் தவிர்க்காதீர்கள். கணக்கு வராதவருக்குத்தான் கணக்கு அதிகம் தேவை. ஊசி போட நடுங்கும் கைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை.

கல்லூரிகள் செய்ய வேண்டியது?

கேள்வித்தாள் கொடுப்பதில் தப்பில்லை. மாணவர்கள் தங்களைப் பற்றி யோசிக்க அது ஒரு தொடக்கம். ஆனால் அதை வைத்து வகுப்பைப் பிரிப்பதும், 'நீ இந்த வகை' என்று சொல்லி அனுப்புவதும் உதவாது. அந்த நேரத்தையும் பணத்தையும் ஸ்கில் லேபில் இன்னொரு பொம்மை, இன்னொரு டியூட்டர், ஒவ்வொருவருக்கும் ஒரு ரிட்டர்ன் டெமோ என்று செலவிட்டால், பலன் எல்லாப் பாணிக்காரர்களுக்கும் கிடைக்கும்.

ஜோர்டான் மாணவியும் ஆஸ்திரேலிய மாணவரும் வேலூரில் படிக்கும் மாணவியும் நாளைக்கு நிற்கப்போவது ஒரே மாதிரி ஒரு படுக்கையின் பக்கத்தில். சலைன் சரியான வேகத்தில் இறங்குகிறதா, பிபி சரியாகப் பார்க்கப்பட்டதா என்பது மட்டும்தான் அந்தப் படுக்கையில் இருப்பவருக்கு முக்கியம். தன் நர்ஸ் பார்த்துக் கற்றாரா, கேட்டுக் கற்றாரா என்று அவர் கேட்கப்போவதில்லை.